அப்பாவின் வாயில் ஒரு மாதம்: பங்காய் மீனும் வீட்டுத் தொட்டியும்

2022 மார்ச் மாசக் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப நாங்கள் ஏ/எல் காரர். மெழுகுதிரியோட பாஸ் பேப்பர் செய்துகொண்டிருந்தோம். எங்கட செட்டில் ஒருத்தியின் அண்ணா வெள்ளவத்தையில் கடல் மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தார். அதில் இரண்டு பங்காய் கார்டினல் மீன்கள். வெள்ளி உடம்பு, கறுப்புக் கோடுகள், அதில் வெள்ளைப் புள்ளிகள். ஆண் மீன் இரண்டு கிழமையாகச் சாப்பிடாமல் இருந்தது. தாடை உப்பியிருந்தது, உள்ளே முட்டைகள்.

கரண்ட் போனதும் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பைப் போட்டார்கள். அது ஏழெட்டு மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. பிறகு அண்ணாவும் தங்கச்சியும் மாறி மாறி ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணியை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விடியப் பார்த்தால் செம்மஞ்சள் முட்டைகள் எல்லாம் மணலில் கிடந்தன. மூச்சுக்கு ஒக்சிசன் போதாமல் அப்பா மீன் துப்பிவிட்டது. அது பிழைத்தது, முட்டைகள் பிழைக்கவில்லை.

போன வருஷம் கம்பஸில் இந்தக் கதையைத் திரும்பக் கதைத்தபோது எங்களுக்கு இரண்டு கேள்விகள் வந்தன. இந்த மீனை வீட்டில் பெருக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்? பெருக்க முடியுமென்றால், ஏன் கடலில் இருந்தே பிடித்துக்கொண்டு இருந்தார்கள்? கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் மீனியல் எழுத முடியாது. ஆனால் இரண்டாவது கேள்வி வரலாற்றுக் கேள்வி. அதைத் தேடிப்போனதில் எங்களுக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கண்டுபிடித்து, மறந்து, திரும்பக் கண்டுபிடித்தல்

வாயில் குஞ்சு காக்கிற மீன் எங்களுக்குப் புதிசில்லை. வன்னிக் குளங்களில் பிடிபடுகிற திலாப்பியாவைத் தெரியாத ஆள் இல்லை. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவில், தாய்தான் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்திருக்கும். பங்காய் மீனில் அந்த வேலை தகப்பனுடையது.

இந்த மீனின் சொந்த ஊர் இந்தோனேசியாவில், சுலவேசித் தீவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிற பங்காய் தீவுக்கூட்டம். உள்ளூர்ப் பெயர் சப்புங்கான். சுவீடனைச் சேர்ந்த வால்டர் கௌடேர்ன் என்பவர் 1920இல் அங்கே இந்த மீனைச் சேகரித்தார். அவர் விலங்கியலாளர், சுலவேசி மக்களின் பண்பாடு பற்றியும் பெரிய நூல்கள் எழுதியவர். 1933இல் ஒல்லாந்தரான கௌமன்ஸ் இதைப் புது இனமாக விவரித்து, கௌடேர்னின் பெயரையே அதற்கு வைத்தார். அப்போது அந்தத் தீவுகள் ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தன. மீன் போத்தலுக்குள் போனது, பெயர் புத்தகத்துக்குள் போனது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 60 வருஷம் வெளியுலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை.

1994இல் கல் முல்லர் என்ற படப்பிடிப்பாளர் சுலவேசிக் கரையில் இதைத் திரும்பக் கண்டார். அடுத்த வருஷம் அவுஸ்திரேலியாவில் இருந்த மீனியலாளர் ஜெரல்ட் அலனும் ரோஜர் ஸ்டீனும் பங்காய்க்குப் போய் அதன் வாழ்க்கை பற்றி எழுதினார்கள். 'திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது' என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. சப்புங்கான் என்று பெயர் வைத்து, தினமும் படகுத் துறையடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆக்களுக்கு அது எப்போது தொலைந்தது? இந்தக் கேள்வியை வரலாறு படிக்கிற நாங்கள் கேட்காமல் விட ஏலாது.

அலனின் எழுத்தும் படங்களும் வெளிவந்த கையோடு தொட்டி வளர்ப்பாளர்களுக்கு இந்த மீன்மேல் ஆசை பிடித்தது. சில வருஷத்துக்குள் அது வருஷத்துக்கு இலட்சக்கணக்கில் ஏற்றுமதியானது.

தொட்டிக்கு ஏற்ற மீன்தான், ஆனால்

முதலில் ஏன் இந்த மீன்மேல் வளர்ப்பாளர்களுக்கு இவ்வளவு நம்பிக்கை என்று சொல்லவேண்டும். பெரும்பாலான கடல் மீன்களின் குஞ்சுகள் பொரித்தவுடன் மிகச் சிறிய குடம்பிகளாக நீரோட்டத்தில் மிதந்து போகும். கார்டினல் குடும்பத்திலேயே பைஜாமா கார்டினல் என்ற மீனின் ஆணும் வாயில்தான் முட்டையைக் காக்கும், ஆனால் பொரித்த கையோடு குடம்பிகளை வெளியே விட்டுவிடும். அவற்றின் வாய் அவ்வளவு சின்னன். ரொட்டிபர் போன்ற கண்ணுக்குத் தெரியாத உணவை வேறாக வளர்த்துக் கொடுக்கவேண்டும்.

பங்காய் மீனுக்கு அந்தக் கட்டமே இல்லை. பெண் இடுகிற முட்டைக் கட்டியை ஆண் வாயில் வாங்கி ஏறக்குறைய 20 நாள் வைத்திருக்கும். பொரித்த பிறகும் குஞ்சுகளை விடாது, இன்னும் ஒரு கிழமை பத்து நாள் உள்ளேயே வைத்திருக்கும். வெளியே வருகிறபோது குஞ்சு சுமார் 8 மில்லிமீற்றர், தகப்பனின் சின்ன உருவம். அன்றைக்கே ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். கேட்கிறபோது சுகமாகத்தான் இருக்கிறது. செய்கிறபோது ஒவ்வொரு படியிலும் ஒரு தடை.

முதல் தடை சோடி. ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரிப்பது கஷ்டம். நாலைந்தை ஒன்றாக விட்டால் இரண்டு சோடி சேரும், மற்றவற்றைக் கொத்திக் கொத்திக் கொன்றுவிடும். ஆறு மீன் வாங்கியவரின் தொட்டியில் கடைசியில் இரண்டுதான் மிஞ்சும்.

இரண்டாவது, தகப்பனின் பொறுமை. அனுபவமில்லாத ஆண் முதல் ஒன்றிரண்டு தரம் முட்டையை விழுங்கிவிடும். தொட்டியில் வேறு மீன் விரட்டினாலும், ஒக்சிசன் குறைந்தாலும் துப்பிவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் அது சாப்பிடுவதில்லை. குஞ்சுகளை விட்டுக் கொஞ்ச நாளில் பெண் திரும்ப முட்டையோடு வரும். கடலில் ஒரு ஆண் இளைத்துப்போனால் பெண்ணுக்கு வேறு ஆண் இருக்கும். தொட்டியில் அந்த ஒரு ஆண்தான். ஆகவே இரண்டையும் இடைக்கிடை பிரித்து, ஆணைச் சாப்பிடவைத்துத் தேற்றவேண்டும்.

மூன்றாவது, குஞ்சுகள் வாயைத் திறந்து வெளியே வருகிற நாள். ஒரே தொட்டியில் இருந்தால் பெரிய மீன்கள், பெற்றோர் உட்பட, தின்றுவிடும். அதனால் ஆணை முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும். வலையைக் கண்டு பயந்தால் துப்பிவிடும். கடலில் குஞ்சுகள் நீள முள்ளுள்ள கறுப்புக் கடல் முள்ளெலிகளுக்கும் கடலனிமனிகளுக்கும் இடையில் ஒளிந்துகொள்ளும். தொட்டியில் அதற்குப் பதிலாகக் கறுப்புப் பிளாஸ்ரிக் குச்சிகளைக் குத்திப் பொய் முள்ளெலி செய்துவைத்தவர்கள் இருக்கிறார்கள். குஞ்சுகளுக்கு அது பொய் என்று தெரியாது, போய் ஒளிந்துகொள்ளும்.

நாலாவதுதான் கனபேரை அழவைத்தது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிராங்க் மரினி போன்ற வளர்ப்பாளர்கள் வீட்டில் இந்த மீனைப் பெருக்கி, செய்முறையை மற்றவர்களுக்கு எழுதினார்கள். அந்தக் காலத்துத் தொட்டிகளில் ஒரு விசித்திரமான சாவு நடந்தது. குஞ்சுகள் நல்லாகச் சாப்பிடும், வளரும். ஒரு நாள் விளக்கைப் போட்டதும், அல்லது கண்ணாடியில் கை பட்டதும், துடித்துச் சுழன்று கீழே விழுந்து செத்துப்போகும். பயத்தால் வந்த சாவு என்று நினைத்தார்கள். ஆனால் பிரச்சினை சாப்பாட்டில். கடைகளில் முட்டையாகக் கிடைக்கிற ஆர்ட்டீமியா உப்பு ஏரிகளில் வாழ்கிறது. கடல் மீன் குஞ்சின் மூளைக்கும் நரம்புக்கும் தேவையான ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் அதில் போதாது. வயிறு நிறையும், உடம்புக்குத் தேவையானது கிடைக்காது. ஆர்ட்டீமியாவுக்கு முதலில் அந்தக் கொழுப்பு நிறைந்த கலவையைச் சில மணித்தியாலம் ஊட்டி, பிறகு அதைக் குஞ்சுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சாவு குறைந்தது.

முடியும் என்றால் ஏன் செய்யவில்லை?

ஆக, 1990கள் முடிவதற்குள் வழி தெரிந்துவிட்டது. நியூ ஜேர்சி மாநில மீன் காட்சியகத்தில் இருந்த அலெஹாண்ட்ரோ வகெல்லி 1999இல் இதன் இனப்பெருக்கம் பற்றி விரிவாக எழுதிவிட்டார். ஆனாலும் கடைக்கு வந்த மீன்களில் பெரும்பங்கு கடலில் பிடித்ததுதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு முறைக்கு 40 குஞ்சு வருகுது என்று வைப்போம். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று தரம் உயிருணவு, தனித்தொட்டி, தண்ணி மாற்றல், விற்கிற அளவுக்கு வளர மாதக்கணக்கு. பங்காயில் மீனைப் பிடித்தவருக்கு ஒரு மீனுக்குக் கிடைத்தது சில அமெரிக்கச் சதங்கள். வழியில் கனக்கச் செத்தாலும் வியாபாரிக்கு நட்டமில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தால் சரி. வீட்டில் வளர்த்தவர் அந்த விலையோடு போட்டி போட ஏலாது. உழைப்பு மலிவாக இருக்கிற இடத்தில் இருந்து இயற்கையும் மலிவாகத்தான் போகும். இதைத் தேயிலையிலும் கண்டிருக்கிறோம், இறாலிலும் கண்டிருக்கிறோம்.

மறுபக்கம் கடலில் நடந்தது என்ன? குடம்பி மிதந்து போகாததுதான் தொட்டியில் இந்த மீனின் பலம். கடலில் அதுவே பலவீனம். ஒரு துறையில் மீனை எல்லாம் அள்ளினால் அடுத்த துறையில் இருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பாது. சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கூட்டங்களே மரபணுவில் வேறுபட்டிருப்பதை ஆய்வுகள் காட்டின. 2003இல் சுவீடன் ஆய்வாளர்களான கோல்மும் பெர்க்லுண்டும், கூடப் பிடிக்கிற இடங்களில் மீன் கூட்டங்கள் சிறுத்திருப்பதை எழுதினார்கள். 2007இல் ஐயுசிஎன் இதை ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தபோது, மொத்தம் சுமார் 24 இலட்சம் மீன்கள், வருஷத்துக்குப் பிடிபடுவது 7 முதல் 9 இலட்சம் என்பதுதான் மதிப்பீடு.

அதே வருஷம் ஹேக் நகரில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில், இந்த மீனின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும்படி அமெரிக்கா முன்மொழிந்தது. இந்தோனேசியா எதிர்த்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த முன்மொழிவும் பட்டியலில் சேராமலே முடிந்தது. இதைப் படித்தபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. மீன் அழியுது, தடுக்கத்தானே வேணும் என்றது ஒரு பக்கம். மீனை வாங்கி வாங்கிக் குறைத்த நாடே சட்டமும் கொண்டுவருகுது, பிடிக்கிறவன் என்னத்தைச் சாப்பிடுவான் என்றது மற்றப் பக்கம். இரண்டும் சரியென்றுதான் எங்களுக்கு இப்பவும் படுகுது. 2018இல் இந்தோனேசியா தானே இந்த மீனுக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பை அறிவித்தது.

கதை அதோடு முடியவில்லை

2010களில் தாய்லாந்தில் ஒரு பெரிய பண்ணை தொடங்கியது. 2013இல் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பண்ணை மீன்கள் அமெரிக்காவுக்குப் போயின. காட்டு மீன்களோடு ஒரு இரிடோ வைரஸ் பரவியதும் பண்ணை மீனுக்கு ஆதரவைக் கூட்டியது. கடையில் வாங்கி ஒரு கிழமையில் சாகிற மீனுக்கு எவ்வளவு காலம் காசு கொடுப்பது? வீட்டு வளர்ப்பாளர்கள் தொட்டி தொட்டியாகத் தோற்றுப் படித்த பாடம் கடைசியில் பண்ணையில் பலித்தது. ஆனால் அந்தப் பண்ணையின் வருமானம் பங்காய்க்குப் போகவில்லை.

பங்காயில் இப்போது வேறு ஆபத்து. மீன் ஒளிகிற முள்ளெலிகளையும் அனிமனிகளையும் சாப்பாட்டுக்காகவும், வளர்ப்பு மீன்களுக்குத் தீனியாகவும் அள்ளுகிறார்கள். வலை போடாவிட்டாலும் வீடு இல்லாத குஞ்சைப் பெரிய மீன் தின்றுவிடும். இன்னொரு பக்கம், ஏற்றுமதி வழியில் தப்பின மீன்கள் சுலவேசியின் வடக்கே லெம்பே நீரிணையில் குடியேறிப் பெருகிவிட்டன. சொந்த ஊரில் குறைகிற மீன், வந்த ஊரில் அந்நிய இனமாகக் கணக்கில் இருக்கிறது. இடம்பெயர்ந்த கதை தெரிந்த எங்களுக்கு இந்த வரியை வாசித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வெள்ளவத்தை அண்ணா அந்த வருஷம் ஓகஸ்டில் திரும்ப முயற்சி செய்தார். அப்ப கரண்ட் வெட்டு மூன்று மணித்தியாலமாகக் குறைந்திருந்தது. பம்புக்கு இரண்டாவது பற்றரி வாங்கினார். 31 குஞ்சுகள் வந்தன, 12 பெரிதாகின. ஒன்றையும் விற்கவில்லை, தெரிந்த ஆக்களுக்குக் கொடுத்துவிட்டார். செலவுக் கணக்கைக் கேட்டோம். சிரித்துவிட்டு, "அதைக் கேட்காதேங்கோ, ஆனா இந்த 12 மீனுக்காக ஒருத்தரும் கடலுக்குப் போகேல்ல" என்றார்.

அந்தப் பன்னிரண்டால் பங்காய் தப்பாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை ஒரு கடையில் அழகான மீனைப் பார்க்கிறபோது, இது எங்கே பிறந்தது, யார் பிடித்தது, அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று நாங்கள் கேட்கப்போகிறோம். நீங்களும் கேட்டுப் பாருங்கோ. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.