காற்றை வெளியேற்றும் திருகு

மோட்டார் வாகனத்தின் வரலாறு என்று நாம் வாசிப்பதெல்லாம் பெரும்பாலும் ஓட்டத்தின் வரலாறுதான். எஞ்சின், வேகம், பந்தயம், தொழிற்சாலை. வண்டி எப்படி நின்றது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறைவான பக்கங்களிலும் காலிப்பரின் மேல் ஓரத்தில், ரப்பர் மூடி போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கும் ஒரு சின்னத் திருகுக்கு அநேகமாக இடமே கிடைப்பதில்லை. பணிமனைகளில் அதை பிளீடர் நிப்பிள் என்பார்கள். அதைத் திறந்து செய்யும் வேலைக்கு நம்மூரில் 'ஏர் எடுப்பது' என்று பெயர். ஆங்கிலத்தில் அதே வேலை குருதி வடிப்பதற்கான சொல்லால் குறிக்கப்படுகிறது. வடிவது திரவம் என்றாலும் வெளியேற வேண்டியது காற்று. நம் மெக்கானிக்குகளின் சொல்லே சரியானது என்பது என் கட்சி.

ஆரம்பகாலக் கார்களில் பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தவை இரும்புக் கம்பிகளும் வடங்களும்தான். பல கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். முன்சக்கரங்கள் திரும்புகிறவை, திரும்பும் சக்கரத்துக்குக் கம்பியால் விசையைக் கொண்டுபோவது சங்கடமான காரியம். நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோனாலும், நான்கு கம்பிகளையும் ஒரே இழுப்பில் வைப்பது அதைவிடச் சங்கடம். ஒன்று சற்றுத் தளர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கான விடை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று காட்டிய பாஸ்கலின் நூல், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1663-ல் வெளிவந்தது. 1795-ல் ஜோசப் பிராமா அந்த விதியைக்கொண்டு நீரழுத்த இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். அதைக் காரின் காலடிக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். கலிபோர்னியாக்காரர். தம்பி ஆலனுடன் சேர்ந்து தாங்களே கட்டிய கடல்விமானத்தை 1913-ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேல் பறக்கவிட்டவர். அவர்களுடைய குடும்பப் பெயரின் எழுத்துகளைப் பார்த்தவர்கள் அதை 'லாக்-ஹெட்' என்று வாசித்தார்களாம். ஏறக்குறைய நம்முடைய 'மரமண்டை'. பிற்பாடு எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். மால்கம் 1917-ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1919-ல் விமானத் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு பிரேக் செய்யப் போனார். உலகம் நினைவில் வைத்திருப்பது விமானத்தை. ஆனால் அன்றாடம் அதிகம் பேரின் உயிரைத் தாங்கியது அண்ணனின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1921-ல் லெ மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியை ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பர்க் கார் வென்றது. அதன் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக். அதே ஆண்டில் டூசன்பர்க் விற்பனைக்குக் கொண்டுவந்த கார்களிலும் அது இடம்பெற்றது; ஆனால் அவை செல்வந்தர்களின் வண்டிகள். நடுத்தர விலைக்கு அதை இறக்கியவர் வால்டர் கிரைஸ்லர், 1924-ல். லாக்ஹீடின் அமைப்பில் பிஸ்டனைச் சுற்றியிருந்த தோல் அடைப்புகள் கசிந்தன. கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதில் ரப்பர் கிண்ணங்களை வைத்தார்கள். ஹென்றி ஃபோர்டுக்கோ கடைசிவரை திரவத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை. பெடலிலிருந்து சக்கரம்வரை எஃகு என்பதையே விளம்பரமாக்கிக்கொண்டிருந்த அவருடைய நிறுவனம், 1939-ஆம் ஆண்டு மாடலில்தான் இறங்கிவந்தது. பிரிட்டனிலும் இந்தச் சண்டை நடந்தது. அங்கே கம்பி பிரேக்கில் பெயர் வாங்கியவர் ஆல்பர்ட் கிர்லிங். அந்தப் பெயர் கைமாறி லூகாஸ் நிறுவனத்திடம் போய், டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் கூட்டாக 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா வழியாகச் சென்னைப் பாடிக்கு வந்து, கடைசியில் நம்மூர் பிரேக் ஆயில் டப்பாக்களின் மேல் அச்சானது. கம்பிக்காரரின் பெயர் திரவத்தின் மேல்!

திரவத்தை நம்ப மறுத்தவர்கள் அஞ்சியது கசிவுக்கு. ஆனால் கசிவு கண்ணுக்குத் தெரிகிற எதிரி; தரையில் ஈரம் காட்டிக்கொடுக்கும். காற்று அப்படியல்ல. திரவம் அழுத்தத்துக்கு அநேகமாகச் சுருங்குவதில்லை, காற்று சுருங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் 1 கன செ.மீ. திரவத்தைத் தள்ள ஏறத்தாழ 2.6 மி.மீ. நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்று கொண்டால், காலடியில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். அதாவது குழாய்க்குள் 1 கன செ.மீ. காற்று இருந்தால், அதைச் சுருக்குவதற்கே பெடலில் அவ்வளவு தூரம் வீணாகிறது. இரண்டு மூன்று இடங்களில் அப்படிக் காற்று தங்கினால், கால் தரையைத் தொட்ட பிறகும் வண்டி போய்க்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கு முன் பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றுதான்.

ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றுக்கு ஒரு வாசல் வைத்தார்கள். திருகின் நுனி கூம்பு. அது காலிப்பருக்குள் ஒரு சரிவான இருக்கையில் அழுந்தி உட்கார்ந்து துளையை அடைக்கும். உள்ளே நீளவாட்டில் ஒரு துளை, நுனியருகே குறுக்கே ஒரு துளை. கால் சுற்று அல்லது அரைச் சுற்றுத் தளர்த்தினால் வழி திறக்கும். காற்று மேலே ஏறுவது என்பதால் வாசல் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். இடது, வலது காலிப்பர்களை மாற்றிப் பொருத்திவிட்டால் திருகு அடிப்பக்கம் வந்துவிடும்; பிறகு எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் கெட்டிப்படாது.

இந்த வாசலைத் திறப்பது பல பத்தாண்டுகள் இருவர் செய்யும் வேலையாகவே இருந்தது. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், மற்றவர் சக்கரத்தடியில். மேலே இருப்பவர் சில முறை மிதித்து அழுத்திப் பிடிப்பார். கீழே இருப்பவர் திருகைத் திறப்பார்; குமிழிகளோடு ஆயில் சீறும்; பெடல் தாழும். தாழ்ந்த பெடலை அப்படியே பிடித்திருக்க வேண்டும். திருகை மூடி, "விடு" என்று குரல் வந்த பிறகே காலை எடுக்கலாம். ஒரு நொடி முந்தி எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று திறந்த வாசல் வழியே மறுபடி உறிஞ்சப்படும். உலகெங்கும் பணிமனைகளில் இந்தக் கால் பெரும்பாலும் கற்றுக்கொள்ள வந்த பையனுடையது. வீட்டுக் கொட்டகைகளில் மனைவியுடையதோ மகளுடையதோ. ஒருவரின் பொறுமையை இன்னொருவர் நம்பிச் செய்கிற வேலை, நிறைய மனஸ்தாபங்களுக்கும் காரணமாகியிருக்கும்.

டிஸ்க் பிரேக் வந்ததும் இந்த வேலையின் அவசரம் கூடியது. அதற்கு லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், 1953 லெ மான்ஸ் பந்தயத்தில் டன்லப் டிஸ்க்குகளுடன் ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. காலிப்பருக்குள் திரவம் வெப்பத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தரவிதி கேட்பது 140 மட்டுமே. கொதித்த திரவம் ஆவியாகும்; ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். எனவே பழைய ஆயிலை அவ்வப்போது வடித்துப் புதியது நிரப்ப வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஆள் இல்லாமல் செய்யப் பல வழிகள் முயலப்பட்டன. குழாயின் நுனியை ஆயில் நிரம்பிய புட்டிக்குள் முக்கிவைப்பது மிகப் பழைய உபாயம். கைப்பம்பால் உறிஞ்சுவது ஒன்று. பிரிட்டனில் ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தத்தைக்கொண்டே புது ஆயிலைத் தள்ளும் கருவி ஒன்று விற்றது. (ஸ்டெப்னி என்பதே வேல்ஸில் லனெல்லி ஊரின் ஒரு தெருப் பெயர், 1904-ல் அங்கே தொடங்கிய மாற்றுச் சக்கரத் தொழில் அந்தப் பெயரை நம் ஊர் லாரிகள்வரை கொண்டுவந்தது.) 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் பரவலான ஒருவழித் திருகு இவற்றைவிட எளிமையானது. அதே திருகுதான், உள்துளையில் மட்டும் ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்கும். பெடலை மிதித்தால் ஆயில் குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். காலை எடுத்தால் ஸ்பிரிங் குண்டைத் திரும்ப உட்காரவைக்கும். "விடு" என்ற குரல் தேவையில்லை. மரைகளின் இடுக்கு வழியே காற்று நுழையாதபடி மரையின் மேல் அடைப்புப் பூச்சு ஒன்றும் தடவியிருப்பார்கள்.

இப்படி ஒரு குண்டை நம்பி வண்டி ஓட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டும்போது அழுத்தத்தைத் தாங்குவது குண்டு அல்ல. பழையபடி இருக்கையில் அழுந்திய கூம்புதான். குண்டுக்கு வேலை திருகு தளர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்.

பொருத்துவதில் சிரமம் புதியதில் இல்லை, பழையதைக் கழற்றுவதில்தான். வருடக்கணக்கில் துருவோடு ஒட்டிய திருகு முறிந்தால் காலிப்பரையே கழற்ற நேரும். முந்தைய நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு, ஆறு முகமுள்ள ஸ்பேனரால் மெல்ல அசைத்துப் பார்ப்பது விவேகம். புதியது அதே விட்டமும் மரை இடைவெளியும் நீளமும் உடையதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், 10 மி.மீ., 8 மி.மீ., 7 மி.மீ. எல்லாம் புழக்கத்தில் உண்டு. பழையதை எடுத்த கையோடு புதியதைச் செருக வேண்டும். ஆயில் சொட்டும், பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். மேலே ஆயில் டப்பா காலியாக விடக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. வழக்கமாகப் போகாத தூரத்துக்குப் பிஸ்டன் போனால், அங்கே படிந்த துரு ரப்பரைக் கிழித்துவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் இருவர் தந்தது ஒரு காலும் ஒரு கண்ணும். குண்டு பிடித்தது காலின் கீழ்ப்படிதலுக்கான இடத்தை மட்டும். தனியாள் மேலே மிதித்துக்கொண்டிருக்கும்போது கீழே குமிழி வருகிறதா என்று பார்க்க யாரும் இல்லை. நிறமற்ற குழாய் போட்டு, நாலைந்து மிதிக்கு ஒருமுறை இறங்கிப்போய்ப் பார்த்தே ஆக வேண்டும். 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். வந்தது, பிறகு அது பரவலான கார்கள் பலவற்றில், அந்தப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் எந்தத் திருகாலும் எடுக்க முடிவதில்லை. கணிப்பொறியை இணைத்து உள்வால்வுகளைத் திறந்து மூடச் செய்ய வேண்டும். மற்றபடி, வேலை முடிந்ததும் எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டிப்படும்வரை சில முறை மிதித்து, அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். பெடல் இறங்காமல் நின்றால் நான்கு திருகுகளுக்கும் ரப்பர் மூடி போடலாம்.