மன்னார்–இராமேசுவரம் திருமணங்களும் குடியுரிமையும்

பாக்கு நீரிணையின் இரு கரைத் தமிழரும் மணம் புரிகையில் வதிவிட உரிமைச் சிக்கல் எழுகிறது. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல்வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் மன்னார்க் கரையில் படகேறிய பலர் தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் அகதிகள் முகாமில் பதிவானார்கள்.

இந்தியரை மணந்து 7 ஆண்டுகள் இந்தியாவில் வசித்தவர் பதிவுவழிக் குடியுரிமை கோரலாம் என்கிறது 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டம். ஆனால் 2003 திருத்தத்தின்படி, உரிய பயண ஆவணமின்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி; அவருக்கு அந்த வழி இல்லை. விசாவோடு விமானத்தில் வந்த மணமகள் விண்ணப்பிக்கலாம்; படகில் வந்தவளால் முடியாது. கைக்குழந்தையோடு இரவில் உயிர் தப்பி வந்தவளிடம் முத்திரையிட்ட கடவுச்சீட்டைக் கேட்பது கொடுமை. பிள்ளைகளையும் இந்தத் திருத்தம் விடுவதில்லை: 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்தவரின் தந்தை இந்தியராயினும், தாய் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்புவழிக் குடியுரிமை கிடையாது.

மறுகரையில், இலங்கையரை மணந்த வெளிநாட்டவருக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வதிவிட விசா வழங்குகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் வாழ்க்கைத்துணைக்குப் பதிவுவழிக் குடியுரிமைக்கும் இடமுண்டு.