மெக்சிகோ சுரங்கக் கல்லூரியும் அதன் மாளிகையும்

மெக்சிகோ நகரின் பழைய பகுதியில், தக்கூபா தெருவில் நிற்கிறது ‘பலாசியோ தே மினேரியா’ என்னும் சுரங்க மாளிகை. 1792 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட அரச சுரங்கக் கல்லூரிக்காகக் கட்டப்பட்டது. கல்லூரியின் சிறந்த ஆண்டுகள் இந்த மாளிகையில் கழிந்தவை அல்ல. அதற்கு முந்தைய வாடகை வீட்டில் கழிந்தவை.

அப்போது மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் கருவூலம் மெக்சிகோ வெள்ளியை நம்பியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போக, ஊறும் நீரை இறைக்கும் செலவும் ஏறியது. பரம்பரைக் கைப்பழக்கம் மட்டும் போதவில்லை. 1774இல் ஹுவாக்கின் வெலாஸ்கெஸ் தே லெயோனும் லூக்காஸ் தே லசாகாவும் சுரங்கத் தொழிலாரின் சார்பில் மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கல்லூரி ஒன்றையும் கேட்டார்கள். 1783இன் சுரங்கச் சட்டம் அதற்கு வழிசெய்தது. செலவை ஏற்றது அரண்மனை அல்ல, சுரங்க உரிமையாளர்கள்: வெள்ளியின் அளவுக்கேற்ப அவர்கள் செலுத்திய தொகையே கல்லூரியை நடத்தியது.

இயக்குநராக வந்தவர் ஃபௌஸ்தோ எல்ஹூயார். 1783இல் தம் அண்ணனுடன் சேர்ந்து டங்ஸ்டனைப் பிரித்தெடுத்தவர். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பயின்றவர். அங்கேயே படித்த ஆந்த்ரேஸ் மானுவேல் தெல் ரீயோ 1795இல் இங்கே கனிமவியல் கற்பிக்கத் தொடங்கி, பாடநூலும் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியரின் வேதியியல் நூல் ஸ்பானிய மொழியில் மாணவர்களுக்காக 1797இல் மெக்சிகோவிலேயே அச்சானது.

1801இல் சிமாபான் ஊரின் பழுப்பு ஈயத்தாதுவில் புதிய தனிமம் ஒன்றைக் கண்ட தெல் ரீயோ அதற்கு எரித்ரோனியம் என்று பெயரிட்டார். 1803இல் வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் தாதுவின் மாதிரியைப் பெற்றுக்கொண்டார். பாரிசில் அதைச் சோதித்த வேதியியலாளர் கொலே-தெகோதீல், இது வெறும் குரோமியம் என்று 1805இல் முடிவுகட்ட, தெல் ரீயோவும் தம் உரிமையைக் கைவிட்டார். 1830இல் ஸ்வீடனின் செஃப்ஸ்ட்ரோம் அதே தனிமத்தை மீண்டும் கண்டு வனேடியம் என்றார். இரண்டும் ஒன்றே என ஜெர்மானிய வேதியியலாளர் வோலர் நிறுவியபோது வனேடியம் என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது.

மாளிகையைக் கட்டியவர் வலென்சியாவைச் சேர்ந்த சிற்பி மானுவேல் தோல்சா. 1797இல் தொடங்கிய வேலை 1813இல்தான் முடிந்தது. அகன்ற முற்றம், இரட்டைத் தூண்கள், இரு பக்கமும் பிரிந்தேறும் பெரும் படிக்கட்டு என எல்லாம் கல்லில், எல்லாம் கனமாக. அடியில் இருப்பதோ பழைய ஏரிப்படுகையின் சேறு. சுரங்கம் தோண்டுவதைக் கற்பிக்கும் கல்லூரிக்கு மண்ணின் குணம் தெரியாதிருந்திருக்காது. ஆனாலும் அழகுக்குத்தான் முதலிடம் கிடைத்தது. கட்டடம் விரைவிலேயே இறங்கி விரிசல் கண்டது. 1830வாக்கில் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று.

கட்டி முடிவதற்குள் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டுவிட்டது. முன்னாள் மாணவர் மரியானோ ஹிமேனெஸ் கிளர்ச்சிப் படைத்தலைவர்களில் ஒருவரானார். 1811இல் சுட்டுக்கொல்லப்பட்டபின் அவர் தலை கிளர்ச்சித் தலைவர் ஹிதால்கோவின் தலையோடு குவானஹுவாத்தோவில் தொங்கவிடப்பட்டது. மற்றொரு முன்னாள் மாணவரும் வலென்சியானா சுரங்கத்தின் நிர்வாகியுமான கசிமீரோ சோவெல் 1810 நவம்பரிலேயே கொல்லப்பட்டிருந்தார். போரில் பல சுரங்கங்களில் நீர் நிறைந்தது. கல்லூரியின் வருவாயும் சுருங்கியது. 1821இல் எல்ஹூயார் ஸ்பெயின் திரும்பினார். விடுதலையை ஆதரித்த தெல் ரீயோ மெக்சிகோவைத் தம் நாடாக்கிக்கொண்டு, 1849இல் அங்கேயே மறைந்தார்.

1867இல் அதிபர் ஹுவாரெஸின் ஆட்சி சுரங்கக் கல்லூரியைப் பொறியியல் கல்லூரியாக மாற்றியது. பின்னர் அது தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. 1954இல் வகுப்புகள் புதிய பல்கலைக்கழக வளாகத்துக்கு மாறினாலும் மாளிகை பொறியியல் புலத்திடமே இருக்கிறது. வாயிலில் வடமாநிலங்களிலிருந்து கொண்டுவந்த இரும்பு விண்கற்கள் உள்ளன; பெரியது 14 டன்னுக்கு மேல். தோல்சா வார்த்த ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸின் குதிரைச் சிலை 1979 முதல் எதிர்ச் சதுக்கத்தில் நிற்கிறது. 1980 முதல் மாளிகையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடந்துவருகிறது.