சுவோனிமிர் போபன்: ஆட்டமும் வரலாறும்

குரோஷியாவின் தலைநகராகிய சாக்ரெப்பில் மக்சிமிர் என்னும் விளையாட்டு மைதானம் உண்டு. டினமோ உதைபந்தாட்டக் கழகத்தின் தாயகம் அதுவே. அக்கழகத்தின் அபிமானிகள் அம்மைதானத்தின் அருகே ஒரு நினைவுச் சின்னத்தை எழுப்பினர். 1990 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி இம்மைதானத்திலே சேர்பியாவுடன் போரைத் தொடக்கிவைத்த கழக அபிமானிகளுக்கு அது உரியது என்பதே அதிற் பொறிக்கப்பட்ட வாசகத்தின் கருத்து. போர்கள் அரண்மனைகளிலும் எல்லைக் காவலரண்களிலும் தொடங்கியதாகப் படித்தவர்களுக்கு, ஒரு விளையாட்டு மைதானத்திலே போர் தொடங்கிற்று என்னும் செய்தி வியப்பளிக்கும். அவ்வாசகம் உண்மைதானா என்ற வினாவோடு பிணைந்து கிடப்பது சுவோனிமிர் போபன் என்னும் நடுக்கள ஆட்டக்காரரின் வாழ்க்கை.

போபன் 1968 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8 ஆம் திகதி டல்மேசிய நாட்டுப்புறத்திலுள்ள இமோட்ஸ்கி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். குரோஷியா அக்காலத்தில் யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஆறு குடியரசுகளுள் ஒன்று. அக்கூட்டாட்சியைக் கட்டிக் காத்த மார்ஷல் டிட்டோ 1980 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி காலமானார். அன்று குரோஷியாவின் துறைமுகமாகிய ஸ்பிளிற் நகரிலே அந்நகரின் ஹஜ்டுக் கழகமும் பெல்கிரேட்டின் செந்தாரகைக் கழகமும் மோதிக்கொண்டிருந்தன. செய்தி அறிவிக்கப்பட்டதும் ஆட்டம் நின்றது. குரோஷியரும் சேர்பியருமாகிய ஆட்டக்காரர்கள் களத்திலேயே கண்ணீர் விட்டனர். அரங்கு முழுவதும் டிட்டோவைப் போற்றிப் பாடிற்று. அதே செந்தாரகைக் கழகம் பத்தாண்டும் ஒன்பது நாளும் கழிந்தபின் மக்சிமிருக்கு வந்தபோது நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், அப்பத்தாண்டுகளில் அந்நாட்டு மக்களின் நெஞ்சம் எத்துணைத் தூரம் பிளவுபட்டது என்பது தெளிவாகும்.

போபன் தம் பதினாறாவது வயதில், 1985 ஆம் ஆண்டில், டினமோவின் முதலணியிற் களமிறங்கினார். ஈராண்டின் பின், 1987 ஆம் ஆண்டில், சிலி நாட்டில் நடைபெற்ற இளைஞர் உலகக் கிண்ணப் போட்டி அவரை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. யூகோஸ்லாவியர்களை ஐரோப்பாவின் பிரேசிலியர் என்று அழைப்பது அக்கால வழக்கம். சிலிக்குச் சென்ற இளைஞர்கள் அப்பெயருக்கு முற்றும் தகுதியுடையோராய் விளங்கினர். போபன், சூக்கர், புரோசினெச்கி, யார்னி, ஸ்டிமாச் ஆகியோர் குரோஷியர். மியாத்தோவிச் மொண்டிநீக்ரோவைச் சேர்ந்தவர். மேற்கு ஜெர்மனிக்கெதிரான இறுதியாட்டத்தில் போபன் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து தண்ட உதைகளுக்குச் சென்றபோது, வெற்றியை உறுதிசெய்த உதையும் அவருடையதே. ஒரே கொடியின் கீழ் அவ்விளைஞர் பெற்ற பெரிய வெற்றி அதுவே, கடைசியானதும் அதுவே.

நடுக்கள ஆட்டக்காரர் என்பவர் யார், அவர் தொழில் யாது என்பதை இங்கே சிறிது விளக்குதல் பொருந்தும். கோல் அடிப்பவரின் பெயரைச் சிறுவரும் அறிவர். கோல் விழாமற் காப்பவரையும் அறிவர். இடையில் நிற்பவரின் பணியோ, பின்னிருந்து பெறும் பந்தை முன்னிருப்பவருக்கு உரிய இடத்தில், உரிய நொடியில் சேர்ப்பதாகும். போபன் வேகத்தால் எதிரியைத் தோற்கடித்தவர் அல்லர். நிமிர்ந்த உடலும் உயர்த்திய தலையுமாக நிற்பார். பார்வை காலடியிலுள்ள பந்தின்மீது அன்றிக் களத்தின் மறுகோடியில் இருக்கும். எதிரி நெருங்கும்வரை பந்தை விடாது வைத்திருப்பார். எதிரி ஒருவர் தம்மை நோக்கி ஓடிவந்தால் அவர் விட்டு வந்த இடம் வெறுமையாகிறது. அவ்வெறுமையை நோக்கியே பந்தைச் செலுத்துவார். மிருதங்க வித்துவான் ஒருவர் அடியைத் தாமதித்து, கேட்போர் ஐயுறும் கணத்தில் சமத்தில் வந்து சேர்வதுபோன்ற ஒரு நிதானம் அது. இந்நிதானத்தில் அழகும் உண்டு, அபாயமும் உண்டு. ஒரு கணம் மிகுந்துவிட்டாற் பந்து எதிரியின் காலிற் போய்விடும். பிற்காலத்தில் மிகப் பெரிய மேடையில் அவ்வாறே நிகழ்ந்தது.

இனி, 1990 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரில், மே மாதங்களிற் குரோஷியாவிலே பல கட்சிகள் பங்குபற்றிய தேர்தல் நடைபெற்று, பிரான்யோ துஜ்மானின் தேசியக் கட்சி வெற்றிபெற்றது. இரண்டாஞ் சுற்று வாக்களிப்பு முடிந்து ஒரு வாரமே சென்றிருந்தது. மே 13 அன்று பெல்கிரேட்டிலிருந்து ஏறத்தாழ 3,000 ஆதரவாளருடன் செந்தாரகை அணி சாக்ரெப்புக்கு வந்தது. அவ்வாதரவாளர்க்குத் தலைமை தாங்கியவர் ஆர்கான் என அழைக்கப்பட்டவர். போர்க்காலத்தில் தனிப்படை நடத்தி, புரிந்த கொடுமைகளுக்காக ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தாற் பின்னர் குற்றஞ் சாட்டப்பட்டவரும் அவரே. இருக்கைகள் பிடுங்கி எறியப்பட்டன. விளம்பரப் பலகைகள் பெயர்க்கப்பட்டன. டினமோ ஆதரவாளர் வேலியைத் தகர்த்துக் களத்திற் புகுந்தனர். பொலிசார் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கினர். கூட்டாட்சியின் பொலிஸ் சேர்பியர்க்குச் சார்பானது என்ற எண்ணம் குரோஷியரிடையே வேரூன்றியிருந்தமையால், அத்தடியடி வெறும் ஒழுங்குநடவடிக்கையாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்போது டினமோவின் அணித்தலைவர் போபன், வயது இருபத்தொன்று. தம் கழகத்து ஆதரவாளர் ஒருவரைப் பொலிஸ்காரர் அடிப்பதைக் கண்டு ஓடிச் சென்று, பாய்ந்து அப்பொலிஸ்காரரை உதைத்தார். ஆதரவாளர்கள் அவரைச் சூழ்ந்து காத்தனர். அக்காட்சி தொலைக்காட்சியிலே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. குரோஷியருக்கு அவர் ஒரே நாளில் வீரரானார், சேர்பியருக்கு வெறியரானார். உதையுண்டவர் சேர்பியர் என்றே இருசாராரும் எண்ணினர். அவர் பொஸ்னிய முஸ்லிம் என்பது பின்னரே தெரியவந்தது. ஆண்டுகள் பல சென்றபின் அவர் போபனை மன்னித்துவிட்டதாகவும் கூறினார். இருபெருங் கூட்டத்தாரின் பகைக்கு அடையாளமாக நிலைத்துவிட்ட ஒரு காட்சியிலே, அடிபட்ட மனிதர் அவ்விரு கூட்டத்தையும் சேராதவர் என்பதை நினைவுச் சின்னங்கள் சொல்வதில்லை.

தண்டனை உடனே வந்தது. போபன் பல மாதங்கள் ஆடலாகாது என யூகோஸ்லாவியச் சங்கம் தடைவிதித்தது. அதனால் அவ்வாண்டு இத்தாலியில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தை அவர் இழந்தார். யூகோஸ்லாவிய அணி அவரின்றிச் சென்று, காலிறுதியில் ஆர்ஜென்டினாவிடம் தண்ட உதைகளால் தோற்றது. தாம் ஏற்றுக்கொண்ட குரோஷிய இலட்சியத்தின் பொருட்டு உயிரையும் தொழிலையும் பணயம் வைக்கத் துணிந்ததாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். அவர் வாய்மையை ஐயுற வேண்டுவதில்லை. ஆயினும், போர் அம்மைதானத்தில் தொடங்கிற்று என்று கொள்ளுதல் வேறு விடயம்.

காலவரிசையை நோக்குக. மக்சிமிர்க் கலவரத்துக்கு முன்னரே தேர்தல் முடிவு வெளிவந்துவிட்டது. அதற்கும் முன்னர், 1990 ஜனவரியிலேயே, கூட்டாட்சியின் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டிற் பிளவுபட்டுக் கலைந்துவிட்டது. கலவரத்தின் பின்னரோ, ஓராண்டு காலம் யூகோஸ்லாவிய அணியும் யூகோஸ்லாவியப் போட்டிகளும் நிலைத்திருந்தன. தடை நீங்கிய போபன் அந்த அணிக்கே திரும்பி வந்தார். 1991 ஆம் ஆண்டு மே மாதத்தில், அதாவது மக்சிமிர் நிகழ்ச்சிக்கு ஓராண்டும் மூன்று நாளும் கழிந்து, பெல்கிரேட்டிலேயே பரோயே தீவுகளின் அணியை யூகோஸ்லாவியா 7-0 என வென்றபோது, கோல் அடித்தவருள் போபனும் ஒருவர். போரைத் தொடக்கிவைத்த வீரர் எனப் போற்றப்படுபவர், பகைவரின் தலைநகரில், அக்கூட்டாட்சியின் உடையணிந்து கோல் அடித்தார் என்னும் உண்மை கதைக்குள் அடங்குவதன்று. ஆதலின் கதை சொல்வோர் அதனை விட்டுவிடுகின்றனர். அடுத்த யூன் மாதம் 25 ஆம் திகதி குரோஷியா சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. வூக்கோவர் நகரம் முற்றுகையில் அழிந்தது அவ்வாண்டின் பிற்பகுதியில்.

டினமோ என்ற பெயரே புதிய ஆட்சியாளர்க்குக் கசந்தது. கம்யூனிஸ்ட் வாடை வீசுகிறது என்றனர். 1991 இல் ஒரு பெயர், 1993 இல் ‘குரோஷியா சாக்ரெப்’ என்று இன்னொரு பெயர். கலவரத்தில் இரத்தஞ் சிந்திய அதே அபிமானிகள் இம்மாற்றத்தை விடாது எதிர்த்தனர். 2000 ஆம் ஆண்டில் பழைய பெயர் மீண்டது.

போபன் 1991 இல் இத்தாலியின் மிலான் கழகத்தில் ஒப்பந்தமாகி, முதலாண்டைத் தென்னித்தாலியின் பாரி கழகத்துக்காக ஆடிக் கழித்தார். பாரி அவ்வாண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. மிலானுக்குத் திரும்பியபோது அங்கே இடம் கிடைப்பதே அரிதாயிருந்தது. ஓர் ஆட்டத்தில் மூன்று அந்நிய நாட்டவரே ஆடலாம் என்பது அக்கால விதி. மிலானிலோ குல்லிட், ரைக்கார்ட், வான் பாஸ்டன், பப்பான், சாவிச்செவிச், போபன் என அறுவர் இருந்தனர். பயிற்சியாளர் கப்பெல்லோ ஒழுங்கை அழகினும் மேலாக மதித்தவர். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தப் பிறந்த போபனை அவர் பல வேளைகளில் ஓரத்தில் நிறுத்தி, ஓடவும் காக்கவும் பணித்தார். போபன் பணிந்து கற்றார். தம் இயல்புக்கு மாறான இடத்திலும் பயன்பட வல்லவரானமையே அவரை அவ்வணியில் நிலைபெறச் செய்தது எனலாம்.

1994 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் திகதி ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் மிலான் கழகத்தின் புகழுக்குச் சிகரம். பாரெசியும் கொஸ்டகுர்த்தாவும் தடையால் ஆடவில்லை. பார்சலோனாவே வெல்லும் எனப் பலர் எதிர்பார்த்தனர். மிலான் 4-0 என வென்றது. மசாரோ இரண்டும், சாவிச்செவிச் ஒன்றும், தெசாயி ஒன்றும் அடித்தனர். அன்று நடுக்களத்தில் நின்றவர் போபன். அவருக்கு முன்னே நின்று அவ்வழகிய மூன்றாவது கோலை வானில் உயர்த்தி அடித்த சாவிச்செவிச், மொண்டிநீக்ரோவைச் சேர்ந்தவர். மக்சிமிர்க் கலவர காலத்தில் செந்தாரகைக் கழகத்தினர். பொஸ்னியாவில் அப்போது போர் ஓயவில்லை. ஏதென்ஸ் நகரிலோ அவ்விருவரும் ஒரே நிறத்து உடையில் ஒரே கிண்ணத்தைப் பெற்றனர்.

மிலானில் அவர் பெற்ற இத்தாலிய வெற்றிப் பட்டங்கள் நான்கு. அவற்றுள் கடையது 1999 ஆம் ஆண்டினது. சக்கெரோனி என்னும் பயிற்சியாளர் அவரை இறுதியில் அவருக்கே உரிய இடத்தில், முன்னணி ஆட்டக்காரருக்குச் சற்றுப் பின்னே, நிறுத்தினார். மிலான் கடைசி ஏழு ஆட்டங்களிலும் வென்று, லாசியோவை ஒரேயொரு புள்ளியால் முந்தியது.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததே அவர் வாழ்க்கையின் மற்றொரு பெருங்கணம். 1998 இல் பிரான்ஸ் நாட்டில் நடைபெற்ற உலகக் கிண்ணத்துக்குச் சுதந்திரக் குரோஷியா முதன்முறையாகச் சென்றது. மக்கள்தொகை ஏறத்தாழ 45 இலட்சம், பயிற்சியாளர் பிளாசெவிச், தலைவர் போபன். சிலியில் வென்ற ஐந்து குரோஷிய இளைஞரும் முப்பதை எட்டும் வயதில் மீண்டும் ஒன்றுகூடினர். காலிறுதியில் ஜெர்மனியை 3-0 என வென்று உலகை வியப்பில் ஆழ்த்தினர். யூலை 8 அன்று அரையிறுதியில் பிரான்ஸ் எதிர்ப்பட்டது. இடைவேளை முடிந்ததும் சூக்கர் கோல் அடித்தார். குரோஷியா இறுதியாட்டத்தின் வாசலில் நின்றது. ஒரு நிமிடமே சென்றிருக்கும். தம் பக்கத்துக் கோலுக்கு அண்மையிற் பந்தைப் பெற்ற போபன், வழக்கம்போல் தலையுயர்த்தி, வழக்கம்போல் ஒரு கணம் காத்தார். பின்னிருந்து பாய்ந்த துராம் பந்தைப் பறித்து, தோழருடன் பரிமாறிக் கோலாக்கினார். பின்னர் இரண்டாவது கோலையும் அவரே அடித்தார். பிரான்ஸுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய துராம் தம் வாழ்நாளில் நாட்டுக்காக அடித்த கோல்கள் இவ்விரண்டே. போபனின் பிழையை அலட்சியம் என்றனர் சிலர். அது பொருந்தாது. எந்த நிதானம் பல ஆண்டுகளாக அவருக்குப் புகழ் தந்ததோ அந்நிதானமே அன்று ஒரு கணம் நீண்டுவிட்டது. குரோஷியா நெதர்லாந்தை வென்று மூன்றாமிடம் பெற்றது.

2001 இல் ஸ்பெயினின் செல்டா கழகத்தில் அவர் ஆட்டத்தை நிறுத்தினார். அதன்பின் சாக்ரெப் சர்வகலாசாலையில் மாணவராய் அமர்ந்து வரலாறு கற்றார். 2004 இற் பட்டம் பெற்றபோது அவர் எழுதிய ஆய்வு, மக்சிமிரையோ யூகோஸ்லாவியாவின் வீழ்ச்சியையோ பற்றியதன்று. உரோமப் பேரரசில் கிறித்தவம் பற்றியது. பின்னர்ப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டங்களை விமரிசித்தார். அனைத்துலகச் சம்மேளனத்திலும் மிலானிலும் ஐரோப்பியச் சங்கத்திலும் உயர்பதவிகள் வகித்தார். 2024 ஜனவரியில், ஐரோப்பியச் சங்கத் தலைவரின் பதவிக்கால வரையறையைத் தளர்த்தும் விதிமாற்றத்தைத் தாம் ஏற்கவியலாதென அறிவித்து, அச்சங்கத்தின் பதவியைத் துறந்தார். அடுத்த மாதம் பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு அவ்விதிமாற்றத்தை நிறைவேற்றிற்று.