கம்பிங் கார் வாழ்க்கை: கணக்கில் வராத செலவு முகவரிதான்

பாரிசில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் தொலைபேசியில் பார்க்கும் காணொளிகளிலோ, ஓர் இளம் சோடி வானின் பின்கதவைத் திறந்து வைத்துக் கடலைப் பார்த்தபடி கோப்பி குடிக்கிறது. வாடகை இல்லை, முதலாளி இல்லை, நினைத்த இடத்தில் வீடு என்று அந்தக் காணொளிகள் சொல்கின்றன. லாச்சப்பலில் கணக்கு வேலை செய்யும் என்னிடம் வருமான வரிப் படிவம் நிரப்ப வருபவர்களில் சிலர் இப்போது இதைப் பற்றியும் கேட்கிறார்கள். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்று ஓய்வுக்குக் கிட்ட வந்துவிட்ட அண்ணன்மார் ஒருபுறம். இங்கேயே பிறந்து, வீட்டிலிருந்தபடி கணினியில் வேலை செய்யும் பிள்ளைகள் மறுபுறம்.

இரண்டு கிழமை விடுமுறைக்கு வான் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அது நல்ல விடயம். வீட்டை விட்டுவிட்டு வருடக்கணக்கில் வானிலேயே வாழ்வதன் பாதகங்களைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது. டீசல், பழுது, குளிர் என்று எல்லோரும் சொல்லும் பாதகங்கள் உண்டு. அவற்றைவிட, அகதியாக வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் மீது அதிகமாக விழும் ஒரு செலவும் உண்டு. அது முகவரியை இழப்பது.

வாடகை இல்லை என்பது உண்மையா?

முதலில் பணக் கணக்கு. பின்வருவது உதாரணத்துக்கு நான் போட்ட கணக்கு. உங்கள் தொகைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 60,000 யூரோவுக்கு ஒரு கம்பிங் கார் வாங்கி, பத்து வருடம் கழித்து 25,000 யூரோவுக்கு விற்பதாக வைப்போம். தேய்மானம் வருடத்துக்கு 3,500 யூரோ. வருடம் 20,000 கிலோமீற்றர் ஓடினால், 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றர் வீதம் 2,000 லீற்றர் டீசல், லீற்றர் 1.70 யூரோ என்றால் 3,400 யூரோ. காப்புறுதி, திருத்த வேலை, ரயர் எல்லாம் சேர்த்து 2,300. வருடத்தில் 180 இரவுகள் கட்டணத் தரிப்பிடத்தில் இரவுக்கு 20 யூரோ வீதம் 3,600. நெடுஞ்சாலைக் கட்டணமும் சமையல் காசும் 1,000. மொத்தம் 13,800 யூரோ. அதாவது மாதம் 1,150 யூரோ.

இந்தப் பணத்துக்கு ஆஷ்.எல்.எம். வீட்டில் இருக்கும் குடும்பம் வாடகையும் கட்டி மிச்சமும் பிடிக்கும். வங்கிக் கடனில் வீடு வாங்கியவருக்கு இருபது வருடத்தின் பின் வீடு மிஞ்சும். வானில் வாழ்ந்தவருக்கு மிஞ்சுவது பழைய வாகனம். வான் வாங்க வங்கி தருவதும் வீட்டுக் கடன் அல்ல, நுகர்வுக் கடன். அதன் உச்சவரம்பு 75,000 யூரோ; வட்டியும் பொதுவாகக் கூட.

காப்புறுதியில் இன்னொரு பொறி இருக்கிறது. கம்பிங் காருக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் விடுமுறைப் பாவனையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதில் நிரந்தரமாக வாழ்வதை வேண்டுமென்றே மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது என்று காப்புறுதி நிறுவனம் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. வான்தான் வீடு என்றால், ஒரு விபத்தோடு வாகனம், வீடு, உடைமை மூன்றும் ஒரே நாளில் போகும்.

பாரம், ஈரம், கழிவு

சாதாரண பி வகை அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டக்கூடிய கம்பிங் காரின் முழு நிறை 3.5 தொன். பெரிய வண்டிகள் வெறுமையாகவே 3 தொன்னுக்குக் கிட்ட வரும். அதற்குள் 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. நான்கு பேர் ஏறினால் இன்னும் 250, 300 கிலோ. அதன் மேல் உடுப்பு, காஸ் சிலிண்டர், சைக்கிள், ஒரு மூட்டை அரிசி. பொலிசார் நிறுத்தி நிறுத்துப் பார்த்தால் தண்டம் உண்டு; நிறை அதிகம் கூடினால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி வைப்பார்கள்.

ஒரு சிறிய பெட்டிக்குள் மூச்சும் சமையலும் சேர்ந்தால் குளிர்காலத்தில் சுவரெல்லாம் தண்ணீர் வழியும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். இழைப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. எங்கள் சமையலில் மிளகாய் பொரித்துத் தாளிக்க வேண்டும். அந்த மணம் படுக்கை விரிப்பில் ஒரு மாதம் நிற்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டுக் காஸ் அடுப்பை எரிப்பவர்களை மணமே இல்லாத காபன் மொனொக்சைட்டு நித்திரையிலேயே கொல்லும். மலசலப் பெட்டியை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதற்கென உள்ள இடத்தில் ஊற்ற வேண்டும். காஸ் சிலிண்டரின் பொருத்தி நாட்டுக்கு நாடு வேறு. சூரியத் தகடு டிசம்பர் மாதத்தில் கைவிடும். இவை ஒவ்வொன்றும் சின்ன விடயந்தான். ஆனால் வருடத்தின் 365 நாளும் அதே வேலை.

எங்கே நிறுத்துவது?

பிரெஞ்சு வீதிச் சட்டப்படி கம்பிங் காரும் ஒரு வாகனந்தான். வாகனம் நிறுத்தக்கூடிய இடத்தில் அதையும் நிறுத்தலாம், உள்ளே படுக்கலாம். ஆனால் வெளியே கதிரை போட்டு, பந்தல் விரித்தால் அது முகாமிடுதல் ஆகிவிடும். கடற்கரையோரத்திலும் பாதுகாக்கப்பட்ட பல இடங்களிலும் அதற்குத் தடை. ஒரே இடத்தில் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் பொது வீதியில் நிறுத்தினால் தண்டம் 35 யூரோ. வண்டியை இழுத்துக்கொண்டும் போகலாம். அதைவிடக் குறைந்த நேரத்தை விதிக்கும் நகரசபைகளும் உண்டு. பாரிசின் நிலக்கீழ்த் தரிப்பிடங்கள் பெரும்பாலும் இரண்டு மீற்றர் உயரத்தைக்கூட அனுமதிப்பதில்லை. இரண்டு மீற்றருக்கு மேல் உயரமான வண்டிக்கு நெடுஞ்சாலையில் காரைவிடக் கூடிய, இரண்டாம் வகைக் கட்டணம். லண்டனில் உள்ள உறவினரிடம் பழைய டீசல் வானில் போனால், 2023 ஓகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளிலும் நாளொன்றுக்கு 12.50 பவுண் புகைக் கட்டணம். ஜேர்மனியின் பல நகரங்களுக்குள் பச்சை ஒட்டி இல்லாமல் நுழைய முடியாது.

முகவரி போனால் எவையெல்லாம் போகும்?

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொதுவானது. இனி எங்களுக்கானது. முகவரி என்பது தபால் வரும் இடம் மட்டுமல்ல. இந்த நாட்டில் நாங்கள் பெற்ற உரிமைகள் பல அதில்தான் தொங்குகின்றன.

ஆஷ்.எல்.எம். வீடு: வருடத்தில் குறைந்தது எட்டு மாதம் நீங்கள் அதில் குடியிருக்க வேண்டும். இன்னொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. பத்து வருடம் காத்திருந்து கிடைத்த வீட்டை ஒரு வருடப் பயணத்தில் இழந்தால், திரும்பவும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். வீட்டு வாடகை உதவிக்கும் இதே எட்டு மாதக் கணக்கு.

மருத்துவம்: கார்த் வித்தால் தரும் உரிமை பிரான்சில் நிலையாக வாழ்பவருக்கானது. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்க வேண்டும்.

முதியோர் ஆதரவுப் பணம்: பிந்தி வந்ததால் ஓய்வூதியம் குறைந்த எமது பெற்றோர் பலர் நம்பியிருக்கும் அஸ்பா கொடுப்பனவுக்கு, 2023 செப்ரெம்பர் முதல் வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆர்.எஸ்.ஏ. பெறுபவர் வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் கொடுப்பனவு குறையும். வேலையிழந்தோர் பணம் பெறுபவருக்கு அனுமதிக்கப்பட்டது வருடத்துக்கு 35 நாள் மட்டுமே, அதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வதிவிட அட்டை: பத்து வருடக் கார்ட் வைத்திருப்பவர் முகவரி மாறினால் மூன்று மாதத்துக்குள் பிரெபெக்சருக்கு அறிவிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது வதிவிட ஆதாரம் கேட்பார்கள். குடியுரிமை கேட்பவரிடம் வேலையும் குடும்பமும் வாழ்வும் பிரான்சில் நிலைத்திருக்கின்றனவா என்றே பார்ப்பார்கள். பதிவுத் தபாலை அஞ்சலகம் 15 நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் போர்த்துக்கல்லில் நிற்கும்போது வந்த கடிதம் உங்களுக்குக் கிடைக்காது, ஆனால் அதில் குறித்த தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லை: அகதிப் பயணப் பத்திரத்தோடும் பிரெஞ்சு வதிவிட அட்டையோடும் மற்றைய செங்கன் நாடுகளுக்குள் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். இத்தாலியில் ஒரு மாதம், ஸ்பெயினில் இரண்டு மாதம் நின்றால் கணக்கு முடிந்தது. பிரித்தானியாவுக்கு விசா வேறு எடுக்க வேண்டும். காணொளியில் வரும் சோடி பெரும்பாலும் ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு பிறந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

தம்பியின் முகவரியைக் கொடுத்தால் என்ன?

எல்லோரும் முதலில் நினைக்கும் வழி இது. உண்மையில் அங்கே வாழாமல் வாழ்வதாக உறுதிக் கடிதம் எழுதுவது குற்றம். பொய்யான உறுதிக் கடிதத்துக்கு ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வரை சட்டத்தில் உண்டு. கடிதம் எழுதிக் கொடுத்த தம்பிதான் அதில் முதலில் மாட்டுவார். அவர் வாடகை உதவி பெறுபவர் என்றால், உங்கள் வருமானமும் அவர் வீட்டு வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்படலாம்.

சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. நிலையான வீடு இல்லாதவர்கள் தமக்குத் தொடர்புள்ள நகரசபையின் சமூக உதவி நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற சங்கத்திலோ தபால் முகவரி பதியலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டி கார்ட், மருத்துவம், வங்கி அலுவல்களைச் செய்யலாம். ஒரு வருடத்துக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து தொடர்பு கொள்ளாமல் விட்டால் பதிவை நீக்கிவிடலாம். இது வீடில்லாமல் தவிப்பவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட பாதுகாப்பு. அது போன வீட்டைத் திருப்பித் தராது.

பிள்ளைகளும் முதியவர்களும்

பிரான்சில் 3 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2022 செப்ரெம்பர் முதல் வீட்டில் வைத்துப் படிப்பிக்க முன் அனுமதி வேண்டும். குடும்பம் பிரான்சுக்குள் இடம் மாறி வாழ்வது அதற்கு ஏற்கப்படும் காரணங்களில் ஒன்றுதான். என்றாலும் படிப்பிக்கும் பொறுப்பும் பரிசோதகரின் வருகையும் உங்கள் தலையில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கூடப் படிக்கும் பிள்ளைகளின் சிநேகம் எல்லாம் விட்டுப்போகும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சலரோகம், இதய வருத்தம் இருந்தால், அவர்களைத் தெரிந்த குடும்ப வைத்தியரை விட்டு ஊர் ஊராகத் திரிவது விளையாட்டல்ல.

விரும்பிப் போனவரும் வேறு வழியின்றிப் போனவரும்

சில்லின் மேல் வாழ்வதை எல்லோரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. 2008 நிதி நெருக்கடியின் பின் அமெரிக்காவில் வீடும் சேமிப்பும் இழந்த முதியவர்கள் பலர் வானில் குடியேறி, பருவகால வேலை தேடி மாநிலம் மாநிலமாக ஓடினார்கள். அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017 இல் எழுதிய நூல்தான் பின்னர் ஒஸ்கார் பெற்ற 'நோமட்லாண்ட்' திரைப்படமானது. பிரான்சிலும் நாடோடிக் குடும்பங்கள் 1969 ஜனவரி 3 சட்டத்தின் கீழ் நடமாட்டப் பத்திரம் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் 2017 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. நிலையான முகவரி இல்லாதவரை அரசு சந்தேகத்தோடு பார்ப்பது இன்று நேற்றல்ல. 2020 மார்ச் 17 இல் பிரான்ஸ் முடக்கப்பட்டபோது எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முகாம் தரிப்பிடங்கள் மூடப்பட்டன. வானில் வாழ்ந்தவர்கள் எந்த வீட்டில் இருப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

எங்களுக்கும் இது தெரியாத வாழ்க்கை அல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. 2009 இல் வன்னியில் குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுச் சாமான்களை ஏற்றி, இறக்கி, திரும்பவும் ஏற்றின. அது வேறு, இது வேறு. போரையும் விடுமுறையையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் அதைக் கண்ட அம்மம்மா, பேரன் வீட்டை விட்டுவிட்டு வானில் போகப் போகிறேன் என்று சொல்லும்போது ஏன் முகம் மாறுகிறார் என்பதைப் பேரன் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம். மேலே உள்ள எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு எட்டு மாதம், அஸ்பாவுக்கு ஒன்பது மாதம், ஆர்.எஸ்.ஏ.க்கு மூன்று மாத எல்லை, செங்கனுக்கு 90 நாள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வீட்டை வைத்துக்கொண்டு, வருடத்தில் மூன்று மாதத்துக்குள் பயணத்தை முடித்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு எந்த உரிமையும் போகாது. வேலையிழந்தோர் பணம் பெறுபவர் மட்டும் தன் 35 நாளை மறக்கக்கூடாது.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து, யூலையில் அல்ல, பெப்ரவரியில் இரண்டு கிழமை வாழ்ந்து பாருங்கள். புறப்படுமுன் கார்ட்டின் முடிவுத் திகதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் புதுப்பித்த பின் போங்கள். தபால் பெட்டியைக் கிழமைக்கு ஒருமுறை திறக்க நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கள், பதிவுத் தபால் எடுக்க அவருக்கு எழுத்தில் அதிகாரமும் கொடுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு 90 நாள் எல்லை இல்லை. ஆனால் வேறொரு ஐரோப்பிய நாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அங்கே பதியவேண்டி வரலாம்.

வான் பழுதானால் திருத்தலாம், நட்டத்துக்கு என்றாலும் விற்கலாம். கையை விட்டுப் போன வீட்டையும் முகவரியையும் அப்படி மீட்க முடியாது. ஆகவே வானை வாங்கினாலும் வீட்டைக் கைவிடாதீர்கள்.