ஐந்து வயதுக்குக் கீழே: சேலம், நாமக்கல் சமவெளியில் மழலைக் கல்வியின் தடம்

திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதுகிற எவரும் வரலாற்றாய்வாளர் தரம்பாலைத் தொடாமல் நகர முடியாது. 1822 ஜூன் 25-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்ட கணக்குக்கு மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய பதில்களைத் தரம்பால் ‘அழகிய மரம்’ (1983) நூலில் அச்சேற்றியிராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. கடனை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஆனால் அவருடைய வாசிப்பைச் சேலம் மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

படிப்பு மேல்சாதியின் தனிச்சொத்தாக இருந்தது என்ற எண்ணத்தை மறுக்க, சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் சூத்திரரும் பிற சாதியாரும் ஏறத்தாழ 70 விழுக்காடு என்று காட்டுகிறார் தரம்பால். விழுக்காடு சரிதான். எதில் 70 என்பதுதான் கேள்வி. அவர் தரும் அதே அட்டவணையில் சேலத்தின் மக்கள்தொகை 10,75,985, பள்ளிகள் 333. பக்கத்துக் கோயம்புத்தூரில் 6,38,199 பேருக்கு 763 பள்ளிகள். வகுத்துப் பார்த்தால் கோவையில் சுமார் 836 பேருக்கு ஒரு பள்ளி, சேலத்தில் 3,231 பேருக்கு ஒன்று. மாகாணம் முழுவதற்கும் மன்றோ சொன்ன ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம் இங்கே மும்மடங்கு தேய்ந்துபோகிறது. அன்றைய சேலம் பாராமகாலையும் ஓசூர் மேட்டையும் சேர்த்துக்கொண்ட பெரிய மாவட்டம். நாமக்கல் அதன் தாழ்நிலப் பகுதியான தாலாகாட்டில் இருந்தது. ஆகவே இந்த எண்ணைச் சமவெளியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆட்சியர் குறைத்து எண்ணியிருக்கவும் கூடும். ஆனாலும், மரம் எங்கும் ஒரே அடர்த்தியில் தழைத்திருந்தது என்று சொல்ல இந்த அட்டவணை இடம் தரவில்லை.

இரண்டாவது இடறல் வயது. என் பார்வையில் இதுவே பெரியது. மன்றோ 1826 மார்ச் 10 குறிப்பில் 12,498 பள்ளிகளையும் 1,88,650 பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் ஆண்தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்து, அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் படிக்கிறார்கள் என்று கண்டார். வீட்டில் படிப்போரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றார். இந்த ‘ஐந்து’ கணக்குக்காகப் போட்ட எல்லைக்கோடு. தரம்பால் அதைக் கல்வியே தொடங்கும் கோடாக எடுத்துக்கொள்கிறார். சென்னை நகரில் வீட்டில் படித்தோர் பள்ளியில் படித்தோரைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டும் ஆட்சியரின் கணக்கை அவர் பயன்படுத்துவதும் எண்ணிக்கையை உயர்த்தத்தான். அந்த வீட்டுக்குள் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்தது என்று அவர் கேட்கவில்லை. சேலத்தில் வீட்டுக் கணக்கே கிடையாது. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து இழை எண்ணப் பழகிய பிள்ளையும், களத்து மேட்டில் வள்ளத்தால் தானியம் அளப்பதைப் பார்த்து ஒன்று இரண்டு சொன்ன பிள்ளையும் எந்த ஆட்சியரின் ஏட்டில் ஏறும்? இது என் ஊகம்தான். ஆனால் திண்ணையின் தானிய அளவை வாய்பாடான நெல்லிலக்கம் அளவையிலிருந்தே தொடங்குகிறது; திண்ணைக்கு வந்த பிள்ளை வெறுங்கையோடு வந்திருக்க முடியாது.

திண்ணையின் முதல் நாட்களைக் கிட்டத்தில் காட்டும் அறிக்கை பெல்லாரியிலிருந்து வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, பிள்ளையார் பூசை, அரிசியில் விரலால் தெய்வத்தின் மந்திரப் பெயர்கள் என்று 1823 ஆகஸ்டில் ஆட்சியர் கேம்பெல் எழுதுகிறார். காலையில் முதலில் வருபவனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனிலிருந்து அடி. கடைசி வழக்கத்தை யாரும் மீட்க வேண்டாம்! ஆனால் விரல் வரைய, வாய் சொல்ல, கண் தொடரும் அந்த முறை லேசானதல்ல. எழும்பூர் அநாதைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். அந்த அனுபவத்தை 1797-இல் லண்டனில் அச்சிட்டார். அன்றைய ஆங்கிலேயர் தமிழையும் ‘மலபார்’ என்றே அழைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் மணல்தாள் எழுத்தை விரலால் தடவ வைத்தே எழுதக் கற்பித்தார்.

ஐந்துக்குக் கீழே அரசு இறங்கியது உணவைக் கையில் பிடித்துக்கொண்டு. 1982 ஜூலை 1-இல் தொடங்கிய முதலமைச்சர் சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலே பிள்ளையைக் கூப்பிட்டது. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுவதற்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணி அங்கன்வாடி என்ற பெயரைக் கொண்டுவந்தது. பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்றிருக்கும். நாமக்கல் பக்கத்து ஊர்களில் கேட்டுப் பாருங்கள்: “பாப்பாவ பால்வாடிக்கு உட்டாச்சு.”

‘பால்வாடி’ என்ற இந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். மராத்தியில் அது ‘பால’ (குழந்தை) + ‘வாடி’ (தோட்டம்). மழலைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல் மகாராட்டிரத்தின் போர்டியில் தொடங்கிய மழலைப் பள்ளியின் பெயர். உணவோடு வந்ததால் நம் காதில் முதல் பாதி கறந்த பால் ஆகிவிட்டது. பின்பாதி விறகுவாடி, மரவாடி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. குழந்தைத் தோட்டம் பால் ஊற்றும் கொட்டகையானது. ‘பால்வாடியில சோறு போடறாங்க, என்ன சொல்லித் தர்றாங்க?’ என்ற கேள்விக்கு இந்தக் காதுமயக்கமும் ஒரு காரணம் என்பேன். மாதத்துக்கொரு கருப்பொருள் கொண்ட ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் வந்தபிறகும், 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி திறந்தபிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் மூன்று வயதுப் படிப்பைப் பற்றி ஆய்வு அருகிக் கிடப்பதில் வியப்பும் இல்லை.

‘பால்வாடி’ என்ற சொல் இங்கே எப்போது வந்தது? 1982 என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் 1953-இல் அமைந்த மத்திய சமூகநல வாரியமும் பால்வாடிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. அந்த வழியாக வந்திருந்தால், சேலத்துக் காது ‘பாலை’க் கேட்டது சத்துணவுக்கு முந்திய சங்கதி ஆகிவிடும், உணவால்தான் பொருள் திரிந்தது என்ற என் வாதத்தில் பாதி கழன்றுவிடும். இப்போதைக்கு 1953-க்கும் 1982-க்கும் இடையே என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.