முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் (கலிஃபோர்னியா)

பேசவோ முடிவெடுக்கவோ இயலாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதை ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் சட்ட ஆவணம். சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் 1969இல் இக்கருத்தை முன்வைத்தார். 1976இல் இயற்கை மரணச் சட்டம் இயற்றி, அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக கலிஃபோர்னியா இதற்குச் சட்ட வடிவம் தந்தது. இப்போதுள்ள மருத்துவ முடிவுகள் சட்டம் 2000 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது.

ஆவணத்தில் இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். அல்லது நோட்டரி சான்றளிக்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரும், பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவரும் சாட்சியாக முடியாது. சாட்சிகளில் ஒருவராவது உறவினரல்லாதவராக, சொத்தில் பங்கு பெறாதவராக இருக்க வேண்டும். நோயாளி இறந்தால் ஆதாயம் பெறுவோர் மட்டுமே சாட்சிகளாக அமைவதைத் தடுக்கும் இந்த விதியே சட்டத்தின் மிக முக்கியமான பாதுகாப்பு. செவிலியர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர் எழுதும் ஆவணத்துக்கு, அங்குள்ளோர் நலன் காக்கும் குறைதீர் அலுவலரின் சாட்சிக் கையொப்பமும் தேவை. நியமித்த பிரதிநிதியிடம் தன் விருப்பங்களை வாய்விட்டுப் பேசிவிடுவது மிக அவசியம். படிவம் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டிச் சொல்லிவிடாது.

சொத்துப் பங்கீடு இதில் அடங்காது. அதற்கு உயில் வேண்டும். முக்கியப் பகுதிகளைத் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட உயிலுக்கு இம்மாநிலத்தில் சாட்சி தேவையில்லை.